ஆளுக்கு ஒரு வாக்கியம்

ஹவுராவில் மின்விசிறி செய்யும் நரசிம்மனுக்கு மோட்டார் வருவது சீனாவிலிருந்து. அங்கே தொழிற்சாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். இங்கே கோடை வாசலில் வந்து நிற்கிறது. மனிதர் குட்டி போட்ட பூனையாக அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவருடைய மொழிபெயர்ப்பாளர் சாய்பிரியா. திருச்சிப் பெண். சாந்திநிகேதனில் சீனம் படித்துவிட்டு, கொல்கத்தா லேக் கார்டன்ஸில் தங்கி வேலைக்கு வருகிறாள். சீன மேனேஜர் வீடியோவில் நடத்திய பேச்சுவார்த்தையில், பெரிய வாடிக்கையாளர் என்பதால் நரசிம்மனையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் திரையைப் பார்க்கும் பொறுமை நரசிம்மனுக்கு ஏது? நடந்துகொண்டே சாய்பிரியாவின் தமிழை மட்டும் கேட்டார்.

கோரிக்கை ஒன்றுதான். தொழிற்சாலைச் சங்கத்தின் தலைவராக மேனேஜர் உட்காரவைத்திருப்பது தன் சொந்த மச்சானை. அவர் வேண்டாம், எங்கள் தலைவரை நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம் என்றார்கள் பெண்கள்.

ஐந்து பிரதிநிதிகளை அனுப்பச் சொல்லியிருந்தார் மேனேஜர். வந்தது மொத்தக் கூட்டமும். போன வருடம் பிரதிநிதிகளாகப் போனவர்கள் ஒவ்வொருவராக வேலை இழந்திருந்தார்கள். அதனால் இந்த முறை ஆளுக்கு ஒரு வாக்கியம். ஒருத்தி நிறுத்திய இடத்தில் அடுத்தவள் எடுத்தாள். சந்தைக்கடை என்று முதலில் நினைத்த சாய்பிரியா போகப்போக வாயடைத்துப் போனாள். ஓரிடத்திலும் பேச்சு அறுந்து விழவில்லை. என்ன பெண்கள் இவர்கள்!

ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும் வாயே திறக்கவில்லை. ஆனால் பேசப்போகிற ஒவ்வொருத்தியும் முதலில் அவளைத்தான் பார்த்தாள். பேசுகிறவர்களையே முறைத்துக்கொண்டிருந்த மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. சாய்பிரியா கவனித்துவிட்டாள்.

இடைவேளையில் மேனேஜர் நரசிம்மனைத் தனியாக அழைத்தார். இந்தப் போராட்டத்துக்குத் தலைவி யாரென்று கண்டுபிடித்துச் சொன்னால் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு உடனே மோட்டார் ஏற்றுகிறேன் என்றார்.

நரசிம்மன் சாய்பிரியாவிடம் திரும்பினார். "அரே, அவ்வளவு நேரமும் ஒரே அம்மாதானே கோர்வையா பேசினாங்க? யாரும்மா அது? சொல்லிடு, வேலை முடியட்டும்."

"சார், நீங்க கேட்டது என் குரலை. இதப் பாருங்க."

கூட்டத்தின் வீடியோப் பதிவைப் போட்டுக் காட்டினாள். நரசிம்மன் அப்போதுதான் உட்கார்ந்தார். முகங்கள் மாறிக்கொண்டே போயின, பேச்சு மட்டும் ஒன்றாகவே ஓடியது.

"பாப் ரே! இத்தனை பேரா? ஹவுராவுல எத்தனையோ யூனியனைப் பாத்துட்டேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல." கும்பிடாத குறையாகச் சொன்னவர், மோட்டார் ஞாபகம் வந்து கேட்டார். "சரி, இதுல தலைவி யாரு? உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

கண்ணாடிக்காரி அதே திரையில்தான் இருந்தாள். சாய்பிரியா விரலை நீட்டினால் போதும், அவள் பிழைப்பு போய்விடும். நீட்டாவிட்டால் தன் பிழைப்பும் போகலாம்.

"பேசினவங்கள்ல தலைவின்னு யாருமே இல்ல சார்."

நரசிம்மன் கையை நீட்டிப் பதிவை நிறுத்தினார்.

"அப்ப அப்படியே சொல்லிடு. ஓட்டெடுப்பு நடத்திட்டு சரக்கை அனுப்பச் சொல்லு."

யாரைத் துரத்துவது என்று தெரியாமல் மேனேஜர் கடைசியில் இறங்கி வந்தார். தேர்தல் நடந்தது. அடுத்த வீடியோக் கூட்டத்தில் மச்சானின் நாற்காலியில் கண்ணாடிக்காரி உட்கார்ந்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

சாய்பிரியா மொழிபெயர்க்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள்.