மாப்பிள்ளை இறங்காத கிணறு

அப்பாவின் கிணற்றில் மோட்டார் விழுந்தது மணிமொழிக்குப் பெரிய கவலையாக இல்லை. அதை எடுத்துத் தருவதாகக் கணவன் விமல்ராஜ் ஒப்புக்கொண்டதுதான் கவலை.

மணிமொழி புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுப்பவள். வங்கி வேலையிலிருந்த விமல்ராஜ் அவளிடம் கற்றுக்கொள்ள வந்து, அவளையே கல்யாணமும் செய்துகொண்டவன். ஆனால் இன்று அவள் அப்பாவின் ஊரான அடி அண்ணாமலைக்கு வந்ததும் கார் டிக்கியிலிருந்து அவன் இறக்கியது அவளிடம் பழகிய சிலிண்டர் இல்லை. நண்பனிடம் இரவல் வாங்கிய ரீபிரீதர். விடும் மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி.

"குமிழி வராதுடி. சேறு கலங்காது. மோட்டார் பளிச்சுனு தெரியும்."

"அதுக்குத் தனி கோர்ஸ் இருக்கு. நீங்க படிக்கல."

"யூட்யூப்ல பார்த்துட்டேன்."

"ஆபரேஷனும் அப்படியே பண்ணிக்குவீங்களா?"

"மாப்பிள்ளை சொல்றாரில்ல, விடும்மா" என்றார் அப்பா ராஜமாணிக்கம்.

டைவிங்கில் யாரும் எந்த நேரமும் 'வேண்டாம்' எனலாம், காரணம் கேட்கக் கூடாது. அவள் நடத்தும் முதல் பாடமே அதுதான். இந்த வீட்டிலோ மாப்பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்ல ஆளே கிடையாது.

"சரி, இறங்கறதுக்கு முன்னாடி மேல உட்கார்ந்து, மூக்கை அடைச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் அதுல மூச்சு விடணும். அதையாவது பண்ணுங்க."

அவன் குழாயைக் கவ்வியதும் அம்மா ரேணுகாம்பாள் வந்தாள். "மாப்பிள்ளை, மோர் கொண்டாரட்டுங்களா?"

குழாயை எடுத்தான். "வேணாங்க அத்தை."

"மறுபடி முதல்லயிருந்து!" என்றாள் மணிமொழி.

"காத்து நல்லா வருதுங்களா மாப்பிள்ளை?" இது அப்பா.

"ஜம்முனு வருது மாமா."

"ஐயோ! யாரும் பேசாதீங்க!"

மூன்றாம் முறை யாரும் பேசவில்லை. சற்று நேரத்தில் விமல்ராஜின் மார்பு வேகவேகமாக ஏறி இறங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவனைப்போல் இரைத்தான்.

"கழட்டுங்க."

ஒன்றுமில்லை என்று கையசைத்தான்.

"கழட்டுடா!" அவளே பிடுங்கி எறிந்தாள்.

"என்னடி, மாப்பிள்ளைய டா போடற!" என்றாள் அம்மா.

"கெட்ட காத்தை உறிஞ்சற மருந்து உள்ள இருக்குமே, எப்ப மாத்துனீங்க?"

தலையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டான். "அத மாத்தணுமா?"

மணிமொழி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். இதே மூச்சுத்திணறல் அந்த ஆழத்தில் வந்திருந்தால்?

"வெயில் ஜாஸ்தி, அதான்" என்றார் அப்பா. "கிரேன்காரன் காலையிலயே வரேன்னான். மாப்பிள்ளை ஆசைப்படறாரேன்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

"நீங்க ஆசைப்படறீங்கன்னுதானே மாமா நான்..."

இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள் மணிமொழி. "கிரேனைக் கூப்பிடுங்கப்பா" என்றாள்.

அப்பா போனோடு நகர்ந்ததும் விமல்ராஜ் அவளருகே வந்து உட்கார்ந்தான்.

"அந்தக் கோர்ஸ நீயே எனக்குச் சொல்லிக் குடு."

"மாட்டேன்."

"இன்னும் கோவமா?"

"உங்க மூஞ்சியப் பார்த்தா பாஸ் போட்டுடுவேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஃபெயிலாக்கிட்டே இருக்கிற ஆளாப் பார்த்துச் சேர்த்து விடறேன்."