மாதா காலடியில் விண்கல்

நாசரேத்து கிருபாநிதி முப்பத்துநாலு வருஷம் மலைமேல் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, வால்நட்சத்திரம், குறுங்கோள், விண்கல் என்று வானத்தில் திரிகிற எல்லாவற்றுக்கும் தடம் பார்த்தவர். இவர் லீவு முடிந்து வரட்டும் என்று ஒரு வால்நட்சத்திரம் ஒன்பது நாள் பிந்தி வந்ததாக ஊரில் பேச்சு. அவர் மறுத்ததில்லை. ஆனால் பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டரில் புள்ளிதான். விழுந்த கல் ஒன்றைக் கையால் தொட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஒரு கல்லைத் தொட்டுவிட்டால் அசையும் என்று நினைத்துக்கொண்டார்.

மூணாம் மாசம், புன்னைக்காயலில் கல் விழுந்ததாகச் செய்தி வந்தது. காந்தம், பூதக்கண்ணாடி, ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்துக்கொண்டு முதல் பஸ் பிடித்தார்.

கல் விழுந்தது இசபெல்லாவின் மீன்குழம்புச் சட்டியில். கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. சட்டியில் கீறல்கூட இல்லை. அடுப்பு அணைந்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்து, தெருவே சாப்பிட்டதாம்.

“விண்கல் அவ்வளவு சூடா விழாதும்மா,” என்றார்.

“குழம்பு வச்சது நீங்களா அண்ணாச்சி, நானா?”

“சரி. கல்லு எங்க?”

“கெபியில.”

சாப்பிட உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஜேசுபாதத்தின் காதை உரசிக்கொண்டு போன கல் அது. ஆள் பிழைத்ததற்கு நேர்ச்சையாக, கடற்கரையில் குகை மாதிரி கட்டியிருந்த மாதா கெபியில், மாதா காலடியிலேயே சிமெண்டு போட்டுப் பதித்துவிட்டார்கள்.

“ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு வெட்டித் தந்தாப் போதும்.”

“குடுத்த நேர்ச்சையத் திரும்ப எடுக்கவா? மாதாகிட்ட கேட்டுட்டு எடுங்க. ஆனா நீங்க சி.எஸ்.ஐ., மாதாவ வேண்டாத சபை. உங்களுக்குக் கேக்கத் தெரியாதே!”

ஜேசுபாதம் சிரித்தான். “ஏளா, பாவம், இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு. தொட்டாவது பாக்கட்டும்.”

இருவரும் கெபிக்குக் கூட்டிப்போக, கிருபாநிதி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். தேங்காய் அளவில் கல். கண்ணைப் பறிக்கிற நீலம். மாதாவின் முக்காட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அன்று காலைதான் இரண்டாம் கோட் அடித்திருந்தார்கள்.

உள்ளங்கையை அழுத்தி வைத்தார். கண்ணை மூடிக் காத்திருந்தார். கடல் அதுபாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்றாள் இசபெல்லா.

கையை எடுத்துப் பார்த்தார். ஐந்து விரலும் நீலம்.

“பெயிண்ட் இன்னும் காயல,” என்றார்.

அவள் மண்ணெண்ணெய் எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.