தாழ்ப்பாள் இருக்கிற பக்கம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கை தட்டுவது சுலபமாகப் போய்விட்டது. ஒலிபெருக்கியில் யார் எதைச் சொன்னாலும் தட்டுகிறார்கள். என்ன சொன்னார்கள் என்று பிறகு பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து ஆளும் தட்டிக்கொண்டிருந்தவன்தான்.

அப்படித் தட்டித்தான் எங்கள் ஊமத்தூர் காவலுக்குள் போனது.

ஊமத்தூர் சின்ன நகராட்சி. சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை என்று சேர்மன் சொன்னார். ஆகவே போலீஸ் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். சந்தையையும் கட்டணக் கழிப்பறையையும் விடுகிற மாதிரிதான். மேடை போட்டுத் தீர்மானத்தை வாசித்தார்கள். "ஊரைக் காவலில் வைப்பதற்கான ஒப்பந்தம்." எல்லாரும் தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. என் கையில் டீ கிளாஸ் இருந்தது. இல்லாவிட்டாலும் தட்டியிருக்க மாட்டேன். வாலிபத்தில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சண்டை. அப்போது என்னைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அது நன்றாக இருக்காது.

ஒப்பந்தம் எடுத்தவர் சைக்கிள் ஸ்டாண்டு சங்கிலிமுத்து. பஸ் நிலையத்து ஸ்டாண்டை வெகுகாலம் குத்தகைக்கு நடத்தியவர். ஒரு சைக்கிள்கூடத் தொலைத்தது கிடையாது. நாணயமான ஆள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்வார். அதுதான் பிரச்சினை.

முதலில் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றிக் கொண்டுவந்தார். ஆட்கள் உள்ளே இருக்கும்போதே மாட்டினார். வெளியே தாழ்ப்பாளைப் போட்டார். ஊர் காவலில் இருந்தது.

என் கதவு மட்டும் திரும்பி வரவில்லை. ஆகவே நான் வெளியே இருந்தேன். கதவில்லாத வீட்டில் ஒருவனை அடைக்க முடியாது. ஆனால் ஆடு வரும். ஆடு வந்து என் தலையணையைத் தின்றது.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் ஜன்னலில் நின்றாள். எனக்கு ஒன்றுவிட்ட முறையும் கிடையாது. ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, உங்க கதவு இன்னும் வரலையா?"

"வரல."

"வந்துரும். சாயங்காலம் உங்க வீட்டுக்கு ஆள் வருதாம். எங்களுக்கு எப்பவோ மாட்டிட்டாங்க."

"உனக்கு இது சரியாப் படுதா?"

"நல்லாத்தான இருக்கு. ஒரு ஆள் வந்து தாப்பாள அசைச்சுப் பாத்துட்டுப் போறான். எங்க வீட்டுக்காரர் போன பொறவு யாரு மாமா இந்தக் கதவத் தொட்டா?"

அவள் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றாள். காவலில் வைத்தவர்கள் எல்லாரும் அப்படிச் சாய ஆரம்பித்திருந்தார்கள்.

"நேரா நில்லு, பிள்ளே."

"முடியல மாமா. பூட்டியிருக்கு."

அவள் மணிக்கட்டில் பாதி டோக்கன் கட்டியிருந்தது. நம்பர் நடுவில் கிழிந்திருந்தது. மறு பாதி எங்கே என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்ககிட்ட. மும்பைல மகனுக்கு அனுப்பியிருக்காங்க. அவன் வந்து காட்டினான்னா என்னைய எடுத்துக்கிடலாம்."

"எப்ப வருவான்?"

"வருவான். தொலைச்சிராம வச்சிருந்தாச் சரி."

அப்போது என் வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் வெளியே வந்தான். திருடன் மாடக்கண்ணு. இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவன்தான்.

"உன்னைய ஏம்டே காவல்ல வைக்கல?" என்று கேட்டேன்.

"ஊரத்தான அண்ணாச்சி காவல்ல வச்சிருக்கு. நான் வெளியூருல்லா."

"என் வீட்ல என்ன எடுத்த?"

"ஒண்ணும் எடுக்கல."

"ஏன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதெல்லாம் கேக்காதீக அண்ணாச்சி. உங்களுக்குத்தான் சங்கடம்."

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"வேணும்னா உங்க கதவத் திருடிக் கொண்டாரட்டா?" என்றான்.

"வேண்டாம். திருடினா அது திருட்டுக் கதவு. என் கதவ நான் கேட்டே வாங்குவேன்."

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிற கதவாக அதை வாங்கிவர வேண்டும். சாயங்காலத்துக்குள் வாங்க வேண்டும். ஒரு வீட்டுக் கதவை யார் அடைப்பது என்பதில் எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்.

பஸ் நிலையத்துக்கு நேராகப் போனால் போதும். நேராகப் போனேன். என் வீடு வந்தது. மறுபடியும் நேராகப் போனேன். இசக்கியம்மாள் ஜன்னலில் இருந்து, "என்ன மாமா, வாங்கிட்டீகளா?" என்றாள். தெருவைச் சக்கரமாக வளைத்துவிட்டார்கள் என்று புரிந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதுதான் நகராட்சி வழக்கம்.

ஆரக்கால் மாதிரி ஒரு சந்து நடுவுக்குப் போனது. அதில் திரும்பினேன். தெருவைப் பார்த்த முனை வீட்டு ஜன்னலில் முடிவெட்டுகிற பால்பாண்டி சாய்ந்து நின்றார். நான் பக்கத்தில் போனதும் தன் காதைப் பிடித்து அழுத்தினார். மணி அடித்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் வரவில்லை.

சந்து முடிகிற இடத்தில் காவல் நிலையம் இருந்தது. பழைய சைக்கிள் ஸ்டாண்டுதான். பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். கீழே 'காற்று அடிக்கப்படும்' என்று இருந்ததை அழிக்கவில்லை.

சங்கிலிமுத்து வேட்டிக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் வரிசையாக நின்று தொப்பிகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வண்டி?" என்றார்.

"வண்டி இல்ல. கதவு."

"டோக்கன்?"

"தரல."

"சொந்தக்காரர் யாரு?"

"கதவுக்கா, எனக்கா?"

அவர் யோசித்தார். "உமக்கு."

"யாரும் கிடையாது."

"என்னவே இப்படிச் சொல்லுதீரு? சொந்தக்காரர் வராட்டா உம்ம யாரு எடுத்துக்கிடுவா? கேப்பாரில்லாமக் கெடந்தா ஏலத்துல போயிருவீரு."

"ஆளையா ஏலம் விடுதீரு?"

"வண்டியையே விடுதோம். போன வாரம் தபால்காரர விட்டோம். நல்ல ஓட்டத்துல இருந்தாரு. பக்கத்து ஊர்க்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். அவனுக்குத் தபால்காரர் இல்ல."

தபால்காரருக்கு ஊமத்தூரில் மனைவி இருந்தாள். அவளைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தம்மாட்டதான் மறு பாதி டோக்கன். ஆனா அந்தம்மாவும் காவல்ல இருந்ததால வந்து காட்ட முடியல. எங்க பக்கம் தப்பு இல்ல."

அவர் முகத்தில் பொய் இல்லை. அதனால் எனக்குக் கோபம் கூடியது. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம்.

"எனக்கு நானே சொந்தக்காரன்" என்றேன்.

காற்று அடிக்கிற சத்தம் நின்றது. ஒரு தொப்பியிலிருந்து மட்டும் காற்று போய்க்கொண்டே இருந்தது.

"அப்படி உண்டா அண்ணாச்சி?" என்று ஒரு காவலர் சங்கிலிமுத்துவிடம் கேட்டார்.

"இல்லேன்னு எங்கயும் சொல்லல. டோக்கனக் கிழி."

கிழித்தார்கள். ஒரு பாதியை என் சட்டைப் பொத்தானில் கட்டினார்கள். மறு பாதியைச் சொந்தக்காரர் கையில் கொடுத்தார்கள். அதாவது என் கையில்.

"இப்ப நீரு காவல்ல இருக்கீரு" என்றார் சங்கிலிமுத்து. என் உடம்பு இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. நான் விடவில்லை. கையிலிருந்த பாதியை அவர் முன்னால் நீட்டினேன்.

"எடுத்துக்கிட வந்திருக்கேன்" என்றேன்.

அவர் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாணயமான ஆள்.

"நம்பர் சரியாத்தான் இருக்கு" என்று என் பாதியைத் திருப்பித் தந்தார். "அப்ப நீரு வாரீரா, போறீரா?"

"போறேன். கதவக் கொடும்."

கதவைக் கொண்டுவந்தார்கள். என் கதவுதான். கீழே நாய் பிறாண்டிய தடம் இருந்தது. தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றியிருந்தார்கள்.

"இத உள்பக்கம் மாத்தும்."

"வெளிய மாத்தத்தாம்வே ஒப்பந்தம். உள்ள மாத்துறது வேற ஒப்பந்தம். அதுக்கு இன்னும் யாரும் கை தட்டல. நீரு வீட்டுக்குப் போயி உள்ள இரும். சாயங்காலம் நம்ம பையலுக வந்து மாட்டுவானுக."

"உள்ள இருக்க மாட்டேன்."

"ஊரே இருக்குல்லா?"

"ஊரு கை தட்டுச்சு. நான் தட்டல."

அவர் முதல் தடவையாக எழுந்து நின்றார். "ஏன் தட்டல?"

"டீ குடிச்சிட்டிருந்தேன்."

அதற்கு ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தேன். கதவைத் தூக்கினேன். மண்டியில் தூக்காத கனமா? நடந்தேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சங்கிலிமுத்துவும் ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். ஓடி வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசையாக நடந்து வந்தார்கள். நான் வீட்டுக்குப் போனதும் மாட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். ஒருவன் கையில் திருகாணிகள் இருந்தன. சாயங்காலம் என்றார்கள். வாக்கு மாறுகிறார்கள். இந்தக் காலத்தில் நாணயமான ஆளைக்கூட நம்ப முடியவில்லை.

சந்து போகப் போகக் குறுகியது. வரும்போது அப்படி இல்லை. சந்து வாய்க்கு வந்தபோது அது ஒரு கதவு அகலம்தான் இருந்தது.

நான் வெளியே வந்தேன். கதவை இறக்கினேன். சந்து வாயில் நிறுத்தினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. திருகாணி தேவைப்படவில்லை. தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது.

போட்டேன்.

அந்தப் பக்கம் காலடிகள் நின்றன. யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். நல்ல கதவு. அசையவில்லை.

"வே, வெயிலுமுத்து!" சங்கிலிமுத்துவின் குரல். "தாப்பாளத் திறவும்."

"சொந்தக்காரர் யாரு?" என்றேன்.

மறுபடியும் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள்.

"நாங்க ஒப்பந்தக்காரங்கவே!"

"சொந்தக்காரர்தான் வரணும்."

"எங்க சொந்தக்காரங்க பூராப் பேரும் காவல்ல இருக்காங்கல்லா! எப்படி வருவாங்க?"

"என் பக்கம் தப்பு இல்ல" என்றேன்.

அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்து, கதவுக்கு அந்தப் பக்கம் டோக்கன் கிழிக்கிற சத்தம் கேட்டது.

சக்கரத் தெருவில் நடந்தேன். வழியில் இருந்த தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டேன். பால்பாண்டி வீட்டைத் திறந்தேன். அவர் மணி அடித்தார். வெளியே வரவில்லை. ஆசாரி வீட்டைத் திறந்தேன். "வெயில் உள்ள வருது, சாத்தும்" என்றார்கள். தபால்காரர் மனைவி மட்டும் வெளியே வந்தாள். பாதி டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன். சாய்ந்தபடியே ஓடினாள்.

கடைசியில் இசக்கியம்மாள் வீடு. தாழ்ப்பாளை இழுத்தேன். கதவு தானே திறந்துகொண்டது.

"என்ன மாமா பண்ணுதீக? மகன் டோக்கனக் கொண்டாந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"வாசல்லயே நிக்கேன்னு சொல்லு."

"காவல்ல இல்லாத ஆள அவன் எப்படி எடுத்துக்கிடுவான்?"

"நீ ஏன் அவன் எடுக்கற வரைக்கும் இருக்கணும்? உனக்கு நீயே சொந்தக்காரின்னு சொல்லு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்படிச் சொன்னா அவன் வராமலே இருந்துருவானே மாமா."

எனக்குப் பிள்ளைகள் கிடையாது.

அவள் ஒரு காலை வாசற்படியில் வைத்தாள். மறு காலை உள்ளே வைத்துக்கொண்டாள். "கதவு காத்துக்கு ஆடுது. போகும்போது தாப்பாளப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

போடவில்லை.

மாடக்கண்ணு என் வீட்டு வாசலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணாச்சி, கதவு எங்க?"

"அங்க வேல பாக்குது."

"அப்ப வீடு?"

"நீ பாத்துட்டேல்லா? அதுல ஒண்ணும் இல்ல."

"நீங்க எங்க போறீக?"

"வெளியூருக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் போறேன்."

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. சேர்மன் பேசினார். அவரும் வீட்டுக்குள் இருந்துதான் பேசினார். காவல் துறையே காவலில் மாட்டிக்கொண்டதால் ஊர் பெரும் பாதுகாப்பில் இருப்பதாகச் சொன்னார். இந்தப் பாதுகாப்பைக் காவலில் வைப்பதற்கு இன்னொரு ஒப்பந்தம் விடப்படும் என்றார்.

திறந்து கிடந்த வீடுகளுக்குள்ளிருந்து கை தட்டுகிற சத்தம் வந்தது. தெரு வளைந்த பக்கமெல்லாம் வளைந்து வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். இசக்கியம்மாள் படியில் நின்றாள். தட்டவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாய்வு கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. கண் பார்வையும் முன்னைப் போல இல்லை.

பொத்தானில் கட்டியிருந்த பாதி டோக்கனைப் பிய்த்து இந்தக் கையில் வைத்துக்கொண்டேன். மறு பாதி அந்தக் கையில் இருந்தது. நடந்தேன். இந்தத் தடவை என் வீடு திரும்ப வரவில்லை.