வேலுமணி பொரித்த குஞ்சுகள்

வேலுமணி உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அடியில் முட்டை வைத்தால் அரை மணி நேரத்தில் குஞ்சு பொரிந்துவிடும். வெண்ணந்தூரில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. பதினாறு வருடமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவன். மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போர் போட்டு, இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உடம்பில் ஏறிய சூடு, வண்டியைவிட்டு இறங்கினாலும் அவனைவிட்டு இறங்கவில்லை. பொரிந்தவை நாட்டுக்கோழி முட்டை என்றாலாவது பரவாயில்லை. அட, சேவல் முகத்தையே பார்க்காத பண்ணைக்கோழி முட்டை!

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவனுக்குக் குழந்தை இல்லை. அவன் அம்மா காளியாத்தாள் விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "சேவல் படாத முட்டையவே பொரிக்கறான். எம்பையனுக்கு என்ன சாமி கொறை?" ஊரும் தலையாட்டியது. ஆகவே குறை மருமகள் சௌந்தர்யாவுடையது என்றானது. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் அவளை ஏழு தடவை கொண்டுபோய் ஊசி, ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்காரர் எங்கே என்று டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம் காளியாத்தாள் செல்போனில் குஞ்சுகளின் படத்தைக் காட்டினாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, அவரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார். அந்த டாக்டர் மேலேயே காளியாத்தாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் வீட்டுக்குள்ளும் வந்தது. மருமகள் கர்ப்பம் தங்காமலிருக்க மாத்திரை போடுகிறாளோ என்று தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். தைலப் புட்டிதான் இருந்தது. இவளை அத்துவிட்டு இளம்பிள்ளை என்ற ஊரில் ஒரு பெண்ணை எடுப்பதென்று பேச்சும் நடந்தது. சௌந்தர்யாவுக்கு அது தெரியும்.

அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. புருஷன் பொரித்த குஞ்சுகளை மற்றவர்கள் குழம்பு வைத்துத் தின்றார்கள். அவள் பன்னிரண்டை வளர்த்தாள். கொழுகொழுவென்று வளர்ந்தன. ஒரு வருடமாகியும் பெட்டை ஒன்றுகூட முட்டை வைக்கவில்லை. சேவல் கூவவும் இல்லை, பெட்டைப் பக்கம் போகவும் இல்லை. விடிந்ததும் கூடைக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பாள். வைக்கோல்தான் இருக்கும். வேலுமணி பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவனைக் கோழிக்கூண்டுக்குக் கூட்டிப்போனாள்.

"ஏனுங்க, இதுகள நல்லாப் பாருங்க. ஒண்ணுகூட முட்டை வெக்கலீங்க. ஏழு தடவ நான் போயிட்டு வந்துட்டேன். நீங்க ஒருக்கா வாங்க."

வேலுமணி கோழிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயில் அதக்கியிருந்த புகையிலையைத் துப்பினான். மறுவாரம் அஸ்தம்பட்டி போனான். அங்கே அவன் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நெளிந்தது. நர்ஸ் மரப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

விந்தணு மிகக் குறைவு, இருப்பதும் நகரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. இன்ஜின் சூடு, புகையிலை, தூக்கமில்லாத ஓட்டம் மூன்றையும் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டரம்மா. சரியாகலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். "வேற எவனோட ரிப்போர்ட்டையோ மாத்திக் குடுத்துப்போட்டாங்க" என்றாள் காளியாத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளம்பிள்ளைப் பெண்வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெருமையை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று, காளியாத்தாள் அவன் நாற்காலிக்கு அடியில் ஓர் அட்டை முட்டையை வைத்திருந்தாள். காபி வந்தது. வேலுமணி பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னான்:

"கொறை எனக்குத்தானுங்க. எம்பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்லீங்க. இனி ரிக்குக்கும் போறதில்லீங்க."

காளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்நேரம் முட்டை ஓடுகள் விரிசல் விட்டு முப்பது குஞ்சுகளும் கூடத்தில் கீச்சுகீச்சென்று இறங்கின. யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை. பெண்ணின் அப்பா எழுந்து, குஞ்சுகளை மிதிக்காமல் பார்த்து அடியெடுத்து வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சௌந்தர்யா குஞ்சுகளை அள்ளிக் கூடையில் போட்டாள். பிறகு ஆறு வருடத்தில் முதல்முறையாக, மாமியார் பார்க்கப் பார்க்க, நாற்காலியை இழுத்துப் போட்டுப் புருஷனை ஒட்டி உட்கார்ந்தாள். சூடாகத்தான் இருந்தது.