வின்டமியருக்குப் போன குற்றம்

மச்சாள் தன்னுடைய கைபேசியை மேசையில், பற்றிஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில், படம் மேலே தெரியும்படி வைத்தார். படத்தில் நானும் என் கணவர் டானியலும் தலைக்கவசத்தோடு, ஆளுக்கொரு வாடகைச் சைக்கிளைப் பிடித்தபடி நின்றோம். நடுவில் ஒருவன் எங்கள் இரண்டு பேருடைய தோளிலும் கை போட்டிருந்தான். பின்னால் ஒரு பெற்றோல் நிலையம், அதற்கும் பின்னால் மலை, மலைக்குக் கீழே ஒரு கீற்றுத் தண்ணீர். அது போன வருடம் யூலையில் எடுத்த படம். இப்போது மே மாதம். மனுசி இதைப் பத்து மாதம் வயிற்றில் சுமந்து, விமானம் ஏறி டென்மார்க்கில் ஹோர்சன்ஸுக்கு வந்து, என்னுடைய சோபாவில் இருந்து பெற்றிருக்கிறார்.

"இங்கிலாந்துக்கு வந்தனீங்களாம்," என்றார்.

விமலராணி மச்சாள் டானியலுடைய ஒரே அக்கா. லண்டனில், ஹரோவில் வீடு. உறவுக்காரப் பிள்ளை ஒன்று தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விருந்துக்காக வந்திருந்தார். காலையில் கோயிலில் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். மதியம் விருந்தில் என் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டார். அப்போதும் இந்தப் படம் அவருடைய கைப்பைக்குள் இருந்திருக்கிறது.

இங்கிலாந்துக்குப் போய் மச்சாள் வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்புவது எங்கள் குடும்பத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். நான் பதினெட்டுக் கோடை ஒழுங்காக மிதித்தவள். வருடம் முழுக்க இங்கே முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, படுக்கை மாற்றிவிட்டு, யூலையில் மூன்று கிழமை லீவு கிடைத்ததும் ஹரோவுக்குப் போய் வெங்காயம் உரிப்பேன். கோடையென்றால் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கிறேஸின் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று எல்லோரும் என்னைப் புகழ்வார்கள். புகழ்ச்சியைப் போல மலிவான கூலி உலகத்தில் கிடையாது. பதினெட்டு வருடத்தில் நான் பார்த்த லண்டன், அடுப்புக்கு மேலே இருந்த வெள்ளைச் சுவர்தான். மகள் மரினா ஒருநாள் டேனிஷில், கொஞ்சமும் இரக்கமில்லாமல், அது விடுமுறை இல்லை அம்மா, இரண்டாவது வேலை என்றாள். அவளே பில்லுண்டிலிருந்து மான்செஸ்டருக்கு விமானமும், அங்கிருந்து ரயிலும், வின்டமியர் ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதியும் பதிந்து தந்தாள். லண்டன் பக்கம் தலைவைத்தும் படுக்கத் தேவையில்லை.

வின்டமியரில் முதல் இரண்டு நாளும் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஹோர்சன்ஸ் காற்றோடு மல்லுக்கட்டிய கால்களுக்கு ஏற்றம் பழக்கமில்லை. ஏறிய தூரத்தைவிடச் சைக்கிளை உருட்டிய தூரம் கூட. ஆனால் டானியல் மாறிப்போனார். முப்பது வருடமாக இங்கே வலப்பக்கம் கார் ஓட்டுகிற மனுசன், அங்கே ஊரைப்போலவே தெருவின் இடப்பக்கம் ஏறியதும் பதினேழு வயதுப் பெடியன் போலக் கையை விட்டு ஓடினார். சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு பாதைப்படகு ஏரியின் அக்கரைக்குப் போகும். அங்கே காட்டுக்குள்ளால் தண்ணீரை ஒட்டியபடி பாதை. ஒரு பக்கம் பாசி பிடித்த கல்மதில், மதிலுக்கு அப்பால் முதுகில் நீல மை பூசிய ஆடுகள். மூன்றாம் நாள் மழை தூறிக்கொண்டிருந்தபோது ஒரு பாறையில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டோம். டானியல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினார். குளிரில் கத்தினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "கிறேஸ், இனி ஒவ்வொரு வருஷமும் இஞ்சைதான்," என்றார். இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனுசனை உண்மையாகவே பிடித்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன். மழையில் அவருக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு போத்தல் தண்ணீர். ஐந்தாம் நாள் அதை வாங்கத்தான் பெற்றோல் நிலையத்துக்குள் போனோம். கல்லாவில் நின்றவன் தமிழன் என்று முகத்தைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. பேசாமல் வெளியே வாருங்கள் என்று டானியலுக்குக் கண்ணைக் காட்டினேன். ஆனால் நம்முடைய ஆட்களால் பசியை அடக்க முடியும், தும்மலை அடக்க முடியும், அந்த ஒரு கேள்வியை மட்டும் அடக்க முடியாது.

"தம்பி ஊரிலை எவடம்?"

"மன்னார் அண்ணை. பேசாலை."

"அட, எங்கடை அத்தானும் பேசாலைதானே! ஹரோவிலை இருக்கிறார்."

பிறகென்ன. அத்தானின், அதாவது மச்சாளுடைய கணவரின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் சொன்னார். விலாசத்தை மட்டும்தான் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் பெயர் சுஜிந்தன். நல்ல பெடியன், தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். வாசல்வரை வந்து, தோளில் கை போட்டு, வாடிக்கையாளன் ஒருவனைக் கொண்டு படமும் எடுப்பித்தான்.

அந்தப் படம்தான் பேசாலை ஆட்கள் வழியாக ஹரோவுக்குப் போய், இப்போது என் மேசையில் கிடந்தது.

"ஏன் தம்பி, எங்கடை வீடு மணக்குதோ?" என்று மச்சாள் டானியலைக் கேட்டார்.

டானியல் படத்தை யாரோ இரண்டு பேரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இல்லை அக்கா. கிறேஸுக்கு முழங்கால் வருத்தம். டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"முழங்கால் வருத்தக்காரியைச் சைக்கிள்ளை ஏத்தி மலையிலை விட்டனியோ? டென்மார்க்கிலை றோட்டே இல்லையோ?"

எனக்குச் சிரிப்புக்கூட வரப்பார்த்தது. என் முழங்கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பொய்யோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் விழுங்கியிருப்பேன். இருபத்தாறு வருடமாக அதைவிடப் பெரியவற்றை விழுங்கியிருக்கிறேன்.

"நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான் அக்கா. இவளும் மரினாவும் சேர்ந்து செய்த வேலை. எனக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை. ஒரே மழை."

ஹரோவும் வெங்காயமும் போகட்டும். அந்த ஒரு நாளை எனக்குத் தந்துவிட்டு, இன்னொருத்திக்கு முன்னால் என் கையிலிருந்து பறிக்கிறாரே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சாளின் முகம் தெளிந்துவிட்டது. தம்பி திரும்பக் கிடைத்துவிட்டான். "சரி, போனதை விடுவம். ஓகஸ்டிலை என்ரை மகள் றொஷானியின்ரை கலியாணம். பலகாரச் சூடு, வாற சனம், எல்லாம் இருக்கு. கிறேஸ், நீ மூண்டு கிழமை முந்தி வந்து நில். மலை ஏறின காலுக்கு என்ரை குசினி என்ன பெரிசே?"

"கலியாணத்தண்டைக்கு வருவன் மச்சாள். கோயிலுக்கு வந்து, ஹோலிலை சாப்பிட்டிட்டு, ஹோட்டலுக்குப் போவன்."

"ஹோட்டலுக்கோ? ஆர் நீ, பிறத்தியாளோ?"

"பிறத்தியாளை ஒருத்தரும் வெங்காயம் உரிக்க விடமாட்டினம்."

"அப்பிடி வாறதெண்டால் நீ வராதை."

"சரி, வரேல்லை."

நான் டானியலைப் பார்த்தேன். "இஞ்சாருங்கோ, முழங்காலை விடுங்கோ. தண்ணிக்குள்ளை நிண்டு என்னட்டை என்ன சொன்னனீங்கள்? அதை உங்கடை அக்காவுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் ஒரு பற்றிஸை எடுத்து இரண்டாகப் பிட்டார். சாப்பிடவில்லை. "தேத்தண்ணி ஆறுது," என்றார்.

நான் எழுந்து அறைக்குள் போய் விருந்துச் சேலையைக் கழற்றிவிட்டு ஜீன்ஸ் போட்டேன். "இவளுக்கு நீ குடுத்த இடம்," என்று மச்சாள் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. பின்பக்கத்தால் வந்து சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் பீஹொல்ம் ஏரி. மலையும் இல்லை, ஆடும் இல்லை. நாணலும், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற டேனிஷ் சோடிகளும்தான். "ஹாய்" சொன்னவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் இந்த நாட்டில் நான் செய்த முதல் மரியாதைக்கேடு. கைபேசி சட்டைப் பையில் இரண்டுமுறை அடித்து ஓய்ந்தது. மிதித்தேன். றொஷானியை நான்தான் ஐந்து கோடை தலை பின்னி, உடுப்புப் போட்டு வெளிக்கிடுத்தியவள். அந்தப் பிள்ளையின் கலியாணத்தையும் இழந்துவிட்டேன் என்ற நினைப்பு வந்தபோது மட்டும் கால் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு பற்றிஸைப் பிட்ட அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. இன்னும் வேகமாக மிதித்தேன்.

அக்கரை வளைவு திரும்பியதும் எங்கள் சாம்பல்நிறக் கார் தெரிந்தது. வாகனத் தரிப்பிடத்தின் விளிம்பில், பாதைக்கு மூக்கை நீட்டியபடி நின்றது. முன்சீட்டில் மச்சாள், பெல்ட் போட்டபடி. டானியல் பாதையின் நட்டநடுவில் நின்றார். வீட்டுச் செருப்பு, விருந்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கையை அசைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல இரண்டையும் தொங்கவிட்டிருந்தார்.

வழியை விடச் சொல்லி நான் மணியை அடித்தேன்.

மச்சாள் பக்கத்துச் சீட்டுக்குச் சாய்ந்து ஹோனை அழுத்தினார். நீளமாக ஒன்று, பிறகு இன்னும் ஒன்று. நாணலுக்குள்ளிருந்து வாத்துகள் எழும்பிப் பறந்தன. டானியல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பாதையைவிட்டு விலகவும் இல்லை. எங்களுக்கிடையில் இருபது மீற்றர்கூட இருக்காது. நான் இன்னுமொருமுறை மணியை அடித்தேன். பிறேக்கைப் பிடிக்கவில்லை.