மார்ச் பதினான்குக்கு எதிரே

1

இந்தக் கதை பிறந்த இடம் கழிப்பறை. மலையுச்சி, கடற்கரை, ரயில் ஜன்னல் என்று பெரிய எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்ளும் இடங்களில் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

நெதர்லாந்தில் யார் வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்தாலும் கண்ணுக்கு நேரே பிறந்தநாள் நாட்காட்டி தொங்கும். அதில் கிழமை இல்லை, ஆண்டு இல்லை. வேண்டியவர்களின் பெயர்கள் மட்டும். இருபது வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் என் தேதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் விடுகிறேன். (என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கதை என்னைப் பற்றியதல்ல.)

2

முதல் தொடக்கம்: ‘பிரிவின் பாரத்தைத் தாங்க மாட்டாத அக்டோபர் வானம், ஐசல் ஆற்றின் மேல்...’

வேண்டாம். வானம் எதையும் தாங்கவில்லை. தூறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது: பதினோரு வருடம் கழித்து நியூசிலாந்திலிருந்து வந்த அன்னெமீக், தேவென்டர் நகரத்தில் தன் தோழி தீனகேயின் வீட்டு மணியைச் சரியாக நான்கு மணிக்கு அடித்தாள். நான்கு மணிக்கு வந்து ஐந்தரை வரை இருக்கலாம் என்று தீனகே எழுதியிருந்தாள். ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டதால் அன்னெமீக் தெருமுனையில் நனைந்தபடி நின்றுவிட்டு வந்தாள்.

இதுவே இருக்கட்டும்.

3

நடந்தது இதுதான். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மாலை ஐந்தே முக்காலுக்கு, சொல்லாமல் கொள்ளாமல், அன்னெமீக் இதே வாசலில் வந்து நின்றாள். கணவனுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்திருந்தது. போகாதே என்று தீனகே ஒருத்தி சொன்னால் போதும் என்று ஓடி வந்திருந்தாள். ஆறு மணிக்கு ஊரே சாப்பிட உட்காரும். உருளைக்கிழங்கு தலைக்கு மூன்று என்று அடுப்பில் ஏறியிருக்கும். அதில் இன்னொரு தலைக்கு இடமில்லை.

“சாப்பிடப் போறோம்டி. ஏழு மணிக்கு வாயேன்” என்றாள் தீனகே, கதவைப் பாதி திறந்தபடி.

அன்னெமீக் ஏழு மணிக்கு வரவில்லை. நியூசிலாந்துக்குப் போனாள்.

(இதற்கெல்லாமா ஒரு நட்பு முறியும் என்று விமர்சகர் கேட்பார். அவருடைய நட்புகள் பெரிய பெரிய தத்துவங்களுக்காக முறிந்திருக்கலாம்.)

4

காபி வந்தது. பிஸ்கட் டப்பா திறந்தது, ஆளுக்கு ஒன்று கொடுத்தது, மூடிக்கொண்டது.

“உனக்கு நரைச்சுப்போச்சு” என்றாள் தீனகே.

“உனக்கு மட்டும் என்ன, சாயம்தானே?”

“சாயம்தான். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் பூச ஆரம்பிச்சேன். தனியா இருக்கிறவளுக்கு வேற என்ன வேலை? அங்க மனுஷங்களவிட ஆடுதான் அதிகமாமே?”

“ஆமா. சொல்லாம போய் நின்னாலும் வாசல்லயே நிறுத்தாதுங்க.”

தீனகே கோப்பையில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை.

ஐந்து இருபதுக்கு அன்னெமீக் கழிப்பறைக்குப் போனாள். போக வேண்டியிருந்ததால் அல்ல. தன் பெயர் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறதா என்று தெரியாமல் திரும்பிப் போக அவளால் முடியாது.

5

நாட்காட்டி அக்டோபரில் நின்றது. ஆணியிலிருந்து கழற்றி மார்ச் வரை புரட்டினாள். பதினான்கு, அவள் பிறந்தநாள்.

[முடிவு அ: பெயர் இருந்தது. அவள் கண்ணீர்... போதும். வாரப் பத்திரிகைக்கு வைத்துக்கொள்வோம்.]

[முடிவு ஆ: வெறும் வெள்ளை. இதற்கு விருதே கிடைக்கும். இதுவும் வேண்டாம்.]

பெயர் இருந்தது. அதன் மேல் ஒரு கோடு. அளவுகோல் வைத்து அடித்த கோடு.

6

வெளியே வந்தபோது தீனகே அடுக்களையில் முதுகைக் காட்டி நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“மார்ச் வரைக்கும் போயிட்டு வந்தியா? செவுரு மெல்லிசு. தாள் புரட்டினா கேக்கும்.”

“கோடு நேரா இருக்கு.”

“கோவம்னா கோணலாத்தான் அடிக்கணுமா?”

“பேரு நல்லா படிக்க முடியுது.”

“பென்சில்லதானே அடிச்சேன். வருஷா வருஷம் படிக்கிறேன்.” கத்தி நின்றது. “அன்னிக்கு எட்டு மணி வரைக்கும் வாசல் விளக்கை அணைக்கலடி.”

“வந்திருந்தா, போகாதேன்னு சொல்லியிருப்பியா?”

கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

7

மணி ஐந்தரை. அன்னெமீக் மேலங்கியை எடுத்தாள். இந்த நேரத்தில் ‘இருடி’ என்று தீனகே வாய்விட்டுச் சொல்வதாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். (அளவுகோல் வைக்கவில்லை.)

தீனகே சொல்வதாக இருந்தால் பானையில்தான் சொல்வாள். மூன்று கிழங்குகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கின்றன. அவளுக்கு அது போதும். நான்காவதை எடுக்கிறாளா, இல்லை கத்தியைக் கழுவி வைக்கிறாளா? நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிகிறது. நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றால் கை தெரியும். எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

சீக்கிரம். அன்னெமீக் மேலங்கியில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நிற்கிறாள்.