கழுத்தைக் கழற்றிப் பார்த்த பல் டாக்டர்

"எப்ப இருந்து வலிக்குது?" என்று கேட்ட பிறகுதான், எதிரே மல்லாந்து கிடப்பது நோயாளி அல்ல, பேஸ் கிடார் என்பது பல் டாக்டருக்கு உறைத்தது. பழக்கதோஷம். சாப்பாட்டு மேஜையில் போர்வை விரித்து அதைக் கிடத்தியிருந்தார்கள். தேன் நிற உடம்பு, கருத்த விளிம்பு, டாக்டரைவிட நாலைந்து வயது மூப்பு. கல்லூரி நாளில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இதே ஜாதியில் ஒன்றைப் பார்த்தது முதல் அவருக்கு இந்த ஆசை. அந்த ஆசையோடுதான் கல்யாணம் செய்துகொண்டார்; அதே ஆசையோடுதான் ஊரார் கடைவாய்ப் பல்லையெல்லாம் பிடுங்கினார். நடுவில் இரண்டு முறை போலியை வாங்கி ஏமாந்ததும் உண்டு. அதில் ஒன்றில் இப்போது அவர் மனைவி துண்டு காயப்போடுகிறாள். விற்பனை விளம்பரம் பார்த்துக் கிளம்பியபோது, இதுவும் அசல் இல்லாவிட்டால் இனி கிடார் பேச்சையே எடுப்பதில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கிடாரின் சொந்தக்காரர் ரிடையரான ரயில் டிக்கெட் பரிசோதகர். அவர் பெட்டியில் ஏறினால் போலி டிக்கெட் தானாகவே சட்டைப் பையிலிருந்து எழுந்து மன்னிப்புக் கேட்கும் என்று ரயில்வேயில் சொல்வார்களாம். சொன்னவர் அவரேதான்.

"தம்பி, உங்ககிட்ட மறைக்க விரும்பல. இது டூப்ளிகேட்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை தன் குஞ்சைத் தகரம் என்று சாதித்தது.

"கழுத்து எங்க பழைய கட்டில் கால். பெயின்ட் கேட்டுக்கு அடிச்சதுபோக மிச்சம். உள்ள இருக்கற காயில் இந்த ஃபேன்ல இருந்து உருவினது."

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் சுத்துதே சார்?"

"அதான் எனக்கும் ஆச்சரியம்."

சமையலறை வாசலில் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்ற பரிசோதகரின் மனைவி, "நீங்க பாருங்க டாக்டர். அவர் வாயத் திறந்தா ரயிலே தண்டவாளத்த விட்டு எறங்கி நடக்கும்" என்றாள்.

டாக்டர் பையிலிருந்து வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தார். வார்னிஷில் மயிரிழை விரிசல்கள். வெயிலும் குளிரும் வருஷக்கணக்கில் மாறி மாறித் தின்றால்தான் அப்படி வரும். கேட் பெயின்ட் உரியுமே தவிர இப்படி விரியாது. கம்பிகளைத் தளர்த்தி, ஸ்க்ரூக்களைத் திருகி, கழுத்தைக் கழற்றினார். அடிக்கட்டையில் மங்கிய பென்சில் எழுத்தில் ஒரு தேதி, அசல் கம்பெனிக்காரர்கள் போடுவது போலவே.

"தேதி போட்டிருக்கே சார்."

"நான் எழுதினது."

"இதுல போட்ட வருஷத்துல நீங்க ஸ்கூல் பையனா இருந்திருப்பீங்க."

"ஸ்கூல்ல எழுதத்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

ஒன்றுதான் உதைத்தது. வாசிப்பவர் கை உரசி வார்னிஷ் தேயும் இடம் மேல் விளிம்பு. இதிலோ வழுக்கை கீழே தள்ளி விழுந்திருந்தது. பழசாகக் காட்ட எவனோ உப்புத்தாளை இடம் தெரியாமல் தேய்த்துவிட்டானா? வாய் பொய் சொல்லும், பல் சொல்லாது. எந்தப் பக்கம் மெல்லுகிற ஆள் என்பதைத் தேய்மானமே காட்டிக்கொடுத்துவிடும். கழுத்தைத் திரும்பப் பூட்டி, "ஒரு தடவை மாட்டிக் காட்டுங்க சார்" என்றார்.

"வாசிச்சே காட்டறேன். சத்தத்தக் கேட்டா செருப்பக்கூடப் போடாம ஓடிருவீங்க."

மூலையில் ஸ்பீக்கர் பெட்டி ஏற்கெனவே தூசி தட்டி, ஒயர் செருகித் தயாராக இருந்தது. பரிசோதகர் கிடாரை மார்புவரை தூக்கி, ஏப்பம் விடவைக்கும் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டார். அவர் முழங்கை நேராக அந்த வழுக்கையில் போய் உட்கார்ந்தது, பூட்டுக்குள் சாவி மாதிரி. டாக்டருக்குச் சந்தேகம் தீர்ந்தது. அசல்.

முதல் இரண்டு சுரத்தைப் பரிசோதகர் வேண்டுமென்றே கெடுத்தார். சேற்றில் எருமை விழுந்த சத்தம். மூன்றாவதுக்கு விரல் அவரைக் கேட்கவில்லை. பிறகு எதுவுமே அவரைக் கேட்கவில்லை. கண் மூடிக்கொண்டது. செம்புத் தண்ணீரில் வளையம் எழுந்தது. தட்டைத் துடைக்கும் துணி தாளத்துக்கு வந்து சேர்ந்தது. மேலே விசிறிகூடத் தன் காயிலை அடையாளம் கண்டதுபோல் ஒரு சுற்று தயங்கிப் பிறகு சுற்றியது.

விலை பேச டாக்டர் வாயைத் திறந்தபோது அந்த அம்மாள் அவரை வாசலுக்கு அழைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. கூட டிரம்ஸ் அடிச்சவர் செத்துப்போனதுல இருந்து இத இவர் தொடறதில்ல. கெஞ்சிப் பாத்துட்டேன், சண்டையும் போட்டாச்சு. யாராவது வாங்க வந்தா மட்டும், போலின்னு காட்ட எடுத்துக்குவார். அதான் அப்பப்ப விளம்பரம் குடுக்கறேன். வந்தவங்க எல்லாம் நம்பிப் போயிட்டாங்க." தட்டை மறுபடி துடைத்தாள், அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. "நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. வேணும்னா குடுத்துத்தான் ஆகணும். விளம்பரம் குடுத்தவ நான்."

டாக்டர் உள்ளே வந்தார். வாசிப்பு நின்றிருந்தது. பரிசோதகர் கிடாரை இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"என்ன தம்பி, போலிதானே?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டாக்டர் கிடாரைப் பார்த்தார். கல்லூரி நாளில் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்த அதே பார்வை.

"இப்ப சொல்ல முடியாது சார். வேர் வரைக்கும் பாக்கணும். அடுத்த வாரம் இன்னொரு சிட்டிங் வரேன்."

"எத்தன சிட்டிங் ஆகும்?"

"வயசான உடம்பு. அவசரப்படக் கூடாது."

"வாங்க, வாங்க. போலின்னு நிரூபிக்காம விடமாட்டேன்."

தெருவில் கொஞ்ச தூரம் போனபின் டாக்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். குட்டிக் கண்ணாடியை மேஜையிலேயே விட்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு யாரும் பின்னால் ஓடி வரவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாக மாலை வெயில் மேஜைமேல் கிடந்த அந்தக் கண்ணாடியில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. உள்ளே கூரையில், விசிறிக்குப் பக்கத்தில், காசு அளவு வெளிச்சம் ஒன்று ஒவ்வொரு தாழ்ந்த சுரத்துக்கும் நடுங்கி நடுங்கி நின்றது.